ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்துப் பதினெட்டு

பீல் ரயில் பாதைக்குப் பின்னால், நாலாம் மாடி.
பத்து மணிக்கு மேல் குளிக்கக்கூடாத கட்டடம்.
குசினி மேசையில் பாண் துகள்களை ஒதுக்கிவிட்டு
கணினியின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறேன்.

புது மதர்போர்ட்.
புதுசென்றால், ஸ்டேசன் படிக்கட்டில் ஒரு பொடியன்
பேப்பரில் சுற்றித் தந்தது. எண்பது பிராங்க்.
ஓடும் என்று ஜேர்மனிலும் சொன்னான், பிரெஞ்சிலும் சொன்னான்.
இரண்டு பாஷையிலும் ஓடவில்லை.

பொத்தானை அமர்த்த விசிறி ஒருக்கால் சிலிர்க்கும்.
பேந்து செத்துப்போகும்.
மெமரியைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தேன்,
ஒன்றை மட்டும் பூட்டினேன், மற்றதை மட்டும் பூட்டினேன்.
கேதாரனிடம் பவர் சப்ளை இரவல்.
அவன் மனிசி வாசலில் நின்று கேட்டாள்:
உமக்கேன் உந்த விசர் வேலை?

நிரோஜாவின் மகளுக்குச் சாமத்திய வீடு முடிந்து
மூன்று கிழமை. நாலரை மணி நேரப் படம்.
சனிக்கிழமை கொடுக்கவேணும்.
முற்பணம் வாங்கியாயிற்று.
அந்தப் பணம்தான் இந்த மேசையில் கிடக்கிறது, மூச்சில்லாமல்.

பகலில் நான் கடிகாரத் தொழிற்சாலையில்.
நாளுக்கு நானூறு முள்.
தும்மினால் பறக்கிற முள்.
நாலு விநாடி முந்தி ஓடினால்
அது சிவப்புத் துண்டோடு என் மேசைக்கே திரும்பி வரும்.

மூன்றாம் இரவு பலகையை முழுதாய்த் தூக்கினேன்.
அடியில், பழைய பலகைக்கென்று முன்பு பூட்டிய
பித்தளைக் குமிழ் ஒன்று.
எந்தத் துளைக்கும் சொந்தமில்லாமல்
புதுசின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது.
வேலைச் சட்டைப் பையிலிருந்த சாவணத்தால் பிடித்துத் திருகினேன்.
நெல்லளவுகூட இல்லை.

திரை வெளித்தது.
தேதி: ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்துப் பதினெட்டு.
நேரம் பூச்சியம்.

அந்தத் தேதியில் என்னிடம் எஃப் அட்டை.
எல்லை தாண்டக்கூடாத அட்டை.
பாரிஸில் தங்கச்சியின் கலியாணம்;
நான் போனில் தாலி கட்டுவதைப் பார்த்தேன், படம் விட்டுவிட்டு வந்தது.
இப்போது இணையத்தைத் திறந்தால்
உன் நாள் பிழை என்கிறது ஒவ்வொரு வாசலும்.
உள்ளே விடவில்லை.
திருத்தினேன். விட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
நாலு தசம் ஆறு கிகாஹெர்ட்ஸ். ஏழு. எட்டு.
வோல்டை ஒரு மயிரிழை கூட்டினேன்.
தொழிற்சாலையில் ஒரு விநாடிக்கு நடுங்குகிற கை
இங்கே கோடிக்கணக்கில் முந்தச் சொல்லி அழுத்தியது.
ஒன்பதில் தொண்ணூற்றிரண்டு பாகை சூடு.
ஐந்தில்,
பிள்ளை வெற்றிலைத் தட்டை ஏந்தித் தலை நிமிர்த்துகிற இடத்தில்
திரை நீலம்.

பேந்து எழும்பவேயில்லை.
பலகையின் காசளவு பற்றரியைக் கழற்றி,
நூறு எண்ணி, திரும்பப் போட்டேன்.
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்துப் பதினெட்டு.

மூன்று முறை பேராசைப்பட்டேன்.
மூன்று முறையும் அங்கேயே கொண்டுபோய் விட்டது.
கடைசி முறை உடனே திருத்தவில்லை.
தேத்தண்ணி ஊற்றி, ஆறும்வரை அந்தத் தேதியில் இருந்தேன்.
பெரிதாய் ஒன்றும் இல்லை. குளிர்.

நாலு தசம் எட்டு. அதற்கு மேல் வேண்டாம்.
படம் ஓடத் தொடங்கிற்று, விசிறி இரைந்தது,
ஜன்னலில் பனி உருகி வழிந்தது.

இரண்டரை மணிக்குக் கதவில் தட்டு.
கீழ் வீட்டு ஏஷ்லிமான் அம்மா, இரவுச் சட்டையோடு.
இந்த நேரத்தில் தூசி உறிஞ்சுகிறாயா?

இல்லை அம்மா, ஒரு பிள்ளை பெரியபிள்ளை ஆகிறாள்,
முப்பத்தேழு வீதம் முடிந்தது
என்று சொல்ல ஆசைதான்.
ஜேர்மனில் வரவில்லை.
வேலை என்றேன்.
தலையை எட்டி, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.
ஒரு பழைய துவாயைக் கொண்டுவந்து தந்தாள்,
அடியில் போடச் சொல்லி.