பதினோராவது வினாடி

விலையைச் சொல்லிவிட்டேன்.
இனி என் வேலை
வாயை மூடிக்கொண்டிருப்பது.

துவாஸ். மூன்றாம் மாடிக் கூட்ட அறை.
ஜன்னலுக்கு வெளியே கொள்கலன்கள்
ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன.
மேசைக்கு அந்தப் பக்கம் திரு கோ
எண்ணைப் பார்க்கிறார்.
பிறகு டேரனைப் பார்க்கிறார்.

ஒன்றரை மணி நேரமாக இதே கதை.
விளக்கியது நான், கேள்வி டேரனுக்கு.
தரவு களவுபோனால் யார் பொறுப்பு? டேரனிடம்.
பழைய சர்வரை என்ன செய்வது? டேரனிடம்.
பாவம், வேலைக்குச் சேர்ந்து ஏழு வாரம்.
நிறுத்தத்தைத் தவறவிட்டவன்
பேருந்து ஓட்டுநரைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்க்கிறான்.
பதில் நான் சொல்கிறேன்.
திரு கோ அவனுக்குத் தலையாட்டுகிறார்.

மூன்று வினாடி.

இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை.
மார்ச்சில் இரண்டு இரவு
இவருடைய குளிர்கிடங்கில் நின்றேன்,
இரவல் கோட்டில், காலுக்குப் பெரிய பூட்ஸில்.
இரவுப்பணி மேற்பார்வையாளர் நூர்லைலா
ஸ்கேனரை என் கையில் கொடுத்து
ஏழாம் கதவருகே கொண்டுபோகச் சொன்னார்.
கொண்டுபோனேன். செத்துவிட்டது.
இணைப்பு திரும்பிவர நாற்பது வினாடி,
ஓர் இரவுக்கு முந்நூறு தடவை.
அதுவரை இறால் பெட்டிகளைக்
காகிதத்தில் எழுதிவைக்கிறார்கள்,
கையுறை கழற்றிய விரல்களால்.
மூன்று மணி இருபது நிமிடம்.
அதைத்தான் விற்கிறேன்.
கிளவுட் என்பது ரசீதில் அச்சடிக்கும் பெயர்.

ஐந்து.

விற்பனைக்கு வந்த புதிதில்
ராஃபிள்ஸ் பிளேஸ் பார் ஒன்றில்
மேலாளர் ஒருவர் சொன்னார்:
உனக்கென்ன, சிரித்தாலே கையெழுத்துப் போடுவார்கள்.
அன்றிலிருந்து
விலை சொல்லும்போது நான் சிரிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை கோல்ஃபுக்கு
என்னை யாரும் கூப்பிடுவதில்லை.
வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டேன்.
கணக்குப் பிரிவு லீ ஹுவாவோடு
கோப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓ கோசோங்.
பட்ஜெட் பணம் எந்த மாதம் காலாவதியாகும் என்று
புல்வெளியில் ஒருவருக்கும் தெரியாது.
லீ ஹுவாவுக்குத் தெரியும்.

ஏழு.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று
ஈசூனில் எங்கள் புளோக்கே சொல்லும்.
பிழைத்தது உண்மை.
வாயால் அல்ல.
வாய்க்கு மௌனம் பொறுக்காது.
பத்து சதவீதம் குறைக்கலாம் என்று
அதுவாகவே சொல்லிவிடும்.
என்னுடையது சொல்லியிருக்கிறது.
ஒருமுறை, யாரும் கேட்காமலே, பன்னிரண்டு.
அந்த வருடம் முழுக்க
அந்த இரண்டு சதவீதத்தை நினைத்துத் தூக்கம் கெட்டேன்.

ஒன்பது.
டேரன் மூச்சை இழுக்கிறான், பேசப்போகிறான்.
மேசைக்கடியில் அவன் ஷூவை மிதிக்கிறேன்.

பத்து.
குளிர்சாதனம் முனகுகிறது.
ஒரு கொள்கலன் தரையில் இறங்கும் சத்தம்.

பதினொன்றில் திரு கோ
இன்று முதல் தடவையாக
என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்:
"ஏழாம் கதவு விஷயம்
உங்களுக்கு யார் சொன்னது?"

"நின்று பார்த்தேன்."

அவர் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.
அப்படியெல்லாம் நடக்காது.
இன்னும் இரண்டு கூட்டம், ஒரு வக்கீல்,
லீ ஹுவாவின் ஒரு கடுகடுத்த மின்னஞ்சல்.

ஜூன் முப்பது இரவு ஒன்பது ஐம்பதுக்கு,
ஜூரோங் ஈஸ்டில் ரயில் மாறும்போது
கைபேசியில் வந்தது கையெழுத்து.
வட்டார இயக்குநர் எல்லோருக்கும் எழுதினார்:
"சபாஷ், பையன்களே!"
டேரன் எல்லோருக்கும் பதில் போட்டான்:
"பையன் ஷூவை மிதி வாங்கியதோடு சரி."
நான் நூர்லைலாவுக்குச் செய்தி அனுப்பினேன்.
அவர் ஒரு இறால் படம் அனுப்பினார்.

பன்னிரண்டு அடிக்கும்வரை
மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன்.
விற்பனைப் பலகையில்
பொற்கொடி மாணிக்கம் என்ற பெயருக்கு நேரே
நூற்று நாற்பது சதவீதம்.

ஜூலை பிறந்தது.
பூஜ்யம்.

பல் துலக்கப் போனேன்.