மணி கட்டிய கெடா

ஞாயிறு காலை ஒன்பதேகால்.
பேரணாம்பட்டில் தோல் ஷாப்புகள் மூடியிருந்தாலும்
நாற்றத்துக்கு ஓய்வுநாள் கிடையாது.

கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை.
பதினேழு பிள்ளைகள், ஒரே மின்விசிறி.
நீலக் கம்பளித் துணியை ஆணியில் மாட்டி
அட்டை ஆடுகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன்.
மேய்ப்பனுக்கு முதுகில் பிடிப்பு தேய்ந்துபோனது.
காற்று திரும்பும்போதெல்லாம் விழுகிறார்.
"டீச்சர், ஆண்டவர் உழுந்துட்டாரு!"
மூன்றாம் தடவை குண்டூசியால் குத்தி நிறுத்தினேன்.
ஊசி இறங்கிய இடம் உள்ளங்கை.
அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

கதை நானே கட்டியது, சனிக்கிழமை ராத்திரி,
ஷூ கம்பெனியில் தைத்துத் தைத்து மரத்த விரலோடு.
வெள்ளி என்றொரு குட்டி
பாலாற்று மணலில் மந்தையைத் தவறவிடுகிறது.
மணல் லாரி போன தடங்கள் பாதைபோல ஏய்க்கின்றன.
அவசரம் என்ற நரி குறுக்குவழி சொல்கிறது.
பயம் என்ற ஆந்தை வழியே இல்லை என்கிறது.
கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
வெள்ளீ...
குட்டி ஓடுகிறது.
அதோடு கதை முடிந்து மனப்பாட வசனம்.

ஒபேத் கையைத் தூக்கவில்லை. எப்போதும் தூக்குவதில்லை.
அவன் அப்பா லாரியிலிருந்து உப்புத்தோல் இறக்குகிறவர்,
சித்தப்பா ஆட்டுத்தொட்டியில்.
"கூப்புட்டது யாருன்னு அதுக்கு எப்பிடி டீச்சர் தெரியும்?"
மேய்ப்பன் குரல் ஆட்டுக்குத் தெரியும் என்றேன்.
பெரியவர்களுக்கு அந்தப் பதில் போதும்.

"தொட்டில ஒரு கெடா இக்குது டீச்சர். கழுத்துல மணி.
புதுசா வர்ற ஆடுங்க உள்ள போவாம மொரண்டு புடிக்கும்.
இது முன்னால போவும்.
எல்லாம் பின்னாலயே போயிடும்.
சாயங்காலம் இது மட்டும் வெளிய வந்து
சித்தப்பா கைல பொட்டுக்கடல தின்னும்.
பேருகூட வெச்சிக்கிறாங்க."
என்ன பேர் என்றாள் ஒருத்தி.
"மேஸ்திரி."

யாரும் சிரிக்கவில்லை.
என் நரிக்கும் ஆந்தைக்கும்
அந்தக் கெடாவின் முன் நிற்கத் தெம்பில்லை.

எங்கள் வீட்டுக்கும் போன வருஷம் ஒரு குரல் வந்தது.
வேலூர் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னது,
வசனத்தோடு சொன்னது.
அம்மா பின்னாலேயே போனாள்.
அவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார்,
சுகமாக.
இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.
சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது யெமிமா,
ஆறு வயது, பின்னல் நுனியை மென்றுகொண்டே,
"அந்த மேஸ்திரி செத்துச்சா?" என்றாள்.
"அதான் சொல்றனே, அது சாவாது. மத்ததுங்கதான்."
அவள் கம்பளித் துணியைப் பார்த்தாள்.
குண்டூசியைப் பார்த்தாள்.
"அப்ப இவரு அது இல்ல.
இவருதான செத்தாரு. ஆடுங்கள உட்டுட்டாங்க."
மறுபடி பின்னல் வாய்க்குப் போயிற்று.

ஒபேத் கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அது கடசிலதான தெரியும்" என்றான்.
"மொதல்ல கூப்புடறப்ப?"

அதற்குள் பிஸ்கட் தட்டு வந்துவிட்டது.

எல்லாரும் போனபின் ஆடுகளை எண்ணி டப்பாவில் வைத்தேன்.
வெள்ளி இல்லை.
ஒபேத்தின் சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் காது
வாசலைத் தாண்டும்போது பார்த்ததுதான்.
தேடிப் போகவில்லை.

இன்று ராத்திரி கதையைத் திருத்த உட்கார்ந்தேன்.
நரியை அடித்தேன், ஆந்தையை அடித்தேன்.
குரல் வருகிறது. குட்டி ஓடவில்லை.
நாலு காலையும் மணலில் ஊன்றி
யாரு, என்கிறது.
குரலுக்குக் கோபம் வரவில்லை.
இருட்டிலிருந்து ஒரு கை நீள்கிறது, பிடிக்காமல்,
சும்மா, விரித்தபடி.
குட்டி கிட்டே வந்து மோந்து பார்க்கிறது.

அந்தக் கையில் என்ன வாசனை என்று
எழுதி எழுதி அடிக்கிறேன்.
ஒபேத்தைத்தான் கேட்க வேண்டும்.