வருகைப் பதிவு

அடையாள அட்டையில் 'குழந்தை' என்று மட்டும்தான் இருக்கிறது.
தெரசாளுக்குக் கட்டம் போதவில்லையாம்.
நாற்பத்தேழு வயதில்
குன்னூர் நகராட்சிக்கு நான் குழந்தை.

நீலக் கோட்டு. இரண்டு ஜோடி கையுறை.
பூட்ஸ் ஆம்பளை அளவு,
உள்ளே பேப்பர் திணித்து நடக்கிறேன்,
கிலோ பதினொன்றுக்குப் போகிற பேப்பர்.

போன மாதம்வரை நாலரை மணிக்கே
பெட்ஃபோர்டு மேட்டில் இருப்பேன்.
பனிக்குள் எனக்கு முன்னால் ஒரு கரடி.
பேக்கரித் தொட்டி அதற்கு, லாட்ஜ் தொட்டி எனக்கு.
எண்ணெய் டின்னை அது நக்கி முடிக்கும்வரை
தள்ளி நின்று பீடி ஒன்று குடிப்பேன்.
சுத்தமான டின்னுக்கு
ஹாஜா பாய் இரண்டு ரூபாய் கூடப் போடுவார்.

ஒரு தடவை பங்களாவில் பித்தளைக் குழாய் காணோம்.
ஸ்டேஷன் வாசலில் என் சாக்கைக் கவிழ்த்து எண்ணினார்கள்:
சோடா மூடி முந்நூற்றுச் சொச்சம்,
ஒற்றைச் செருப்பு ஏழு,
குழாய் இல்லை.
கொட்டியதை நான்தான் அள்ளினேன்.
போகும்போது, வாசலையும் கூட்டிவிட்டுப் போ என்றார்கள்.

இப்போது தேயிலைச் சரிவுக்குக் கீழே தகரக் கொட்டகை.
பெல்ட் ஓடுகிறது, குப்பை நம்மிடம் வருகிறது.
அதுவே எனக்கு இன்னும் பழகவில்லை.
கையுறை போட்டால் எதுவும் பேச மாட்டேன் என்கிறது.
கசக்கினால் கத்துவது பிஸ்கட் கவர்,
முனகுவது பால் கவர்,
சத்தமில்லாமல் வெளுத்து மடிவது பக்கெட்.
வலது கையை மட்டும் கழற்றிவிட்டேன்.
போஜன் மேஸ்திரி பார்த்தார்,
பிறகு மலையைப் பார்த்தார்.

எல்லாம் சரி, அந்த மெஷின்தான்.
காலை ஆறுக்கு விரல் வைக்க வேண்டும்.
மீண்டும் முயற்சிக்கவும், என்கிறாள் உள்ளே ஒருத்தி.
எச்சில் தொட்டு வை என்றார் போஜன்.
சேலையில் துடை. ஊது. அழுத்து.
மீண்டும் முயற்சிக்கவும்.
பின்னால் வரிசை குளிரில் கால் மாற்றுகிறது.
என் ரேகை எங்கே போயிற்றென்று எனக்குத் தெரியும்:
உடைந்த டியூப்லைட்டில் கொஞ்சம்,
கக்கூஸ் ஆசிட் பாட்டிலில் கொஞ்சம்,
மிச்சம் ஹாஜா பாய் தராசின் தட்டில்.
பெருவிரல் இல்லை, ஆள்காட்டி இல்லை,
எட்டாவதாக, இதுவரை எதையும் தூக்காத
இடது சுண்டு விரல்.
நன்றி, என்றாள்.
வரிசையே சிரித்தது. நானும்தான்.
வேலையே செய்யாத விரலுக்குச் சம்பளம்.

அதுவும் பத்தாம் தேதி, பேங்கில்.
இன்றைக்குத் தேதி மூன்று, டப்பாவில் அரிசி இல்லை.
காயலான் கடைக்கே போனேன்.
கிலோவுக்கு நூறு கிராம் தின்னும் தராசு
அதே கொக்கியில் தொங்கியது.
கவர்மெண்ட் ஆளாச்சே நீ, என்றார் பாய்,
குரலில் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் வியாபாரம்.
இருநூறு கொடுத்தார், வட்டி எவ்வளவென்று சொல்லவில்லை,
நோட்டைத் திருப்பி எழுதினார்,
குழந்தை தெரசாள்,
ஒரு எழுத்துக்கூட விடாமல்.

மேட்டில் எல்லாத் தொட்டிக்கும் கொண்டி போட்டாயிற்று.
நான் இப்போது வீட்டு வாசலில் விசில் ஊதுகிறேன்,
அக்கா, ஈரம் தனி, காய்ந்தது தனி.
கதவைத் திறந்து என் முகத்துக்கே தருகிறார்கள்.
பங்களாக்காரம்மா பெயர் கேட்டாள்.
பாதியைச் சொன்னேன்.

இன்று விடியலில் பேக்கரி முன்னால் போஜன்
போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.
புதுத் தொட்டியின் பச்சை மூடி நசுங்கி,
கொண்டி அப்படியே இருக்க,
குறுக்கே ஐந்து நகக் கோடு.
அத்தனை ஆழம், அத்தனை தெளிவு.
மெஷின் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டிருக்கும்.