சும்மா முகத்தோடு

நான் எழுதிய பிசாசுக்கு இரண்டு கொம்பு,
கறுப்புப் போர்வை,
"அழித்துவிடுவேன் உங்களை" என்றொரு வசனம்.
முடிவில் எல்லோரும் வரிசையாய் நின்று
போதையை ஒழிப்போம் என்று கையுயர்த்த வேண்டும்.
சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

பிசாசாக வர ஒருவரும் சம்மதிக்கவில்லை.
பத்தாம் தரம், பி பிரிவு, கடைசி வாங்கில்:
யதுர்சன் எழும்பினான்.
கொப்பியே கொண்டுவராதவன்.
கொம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்
மீன் விலை கேட்கிறவன் போல.
"ரீச்சர், இது இப்பிடி வராது."

பிறகு?

மேசையைத் தள்ளினான்.
கபிலாஷைக் கதிரையில் இருத்தி
குப்பைவாளி மூடியை ஸ்டியரிங்காகக் கொடுத்தான்.
"நீ வெட்டு மெசின் ஓட்டுறாய். மூண்டாம் ராத்திரி.
இன்னும் எட்டு ஏக்கர் கிடக்கு.
மழை இருட்டிக்கொண்டு நிக்குது."
பக்கத்தில் போய்க் குந்தினான்.
குரலை உயர்த்தவேயில்லை.

"சாப்பிட்டியா மச்சான்?
கண் எரியுதா?
இஞ்ச பார், இது ஒண்டும் செய்யாது.
விடிய வீட்ட போய்ப் படுக்கலாம்."

கபிலாஷுக்கு வசனம் இல்லை.
இருந்தும் தலையாட்டிவிட்டான்.
யாருடையதோ பேனை விழுந்து
உருண்டு போகும் சத்தம் கேட்டது.

அது யார் குரல் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அடுத்து என்ன செய்வது என்று
ஒரு நாள் செயலமர்வில் சொல்லித் தரவில்லை.
என் நாடகத் தாளைத் திருப்பி
அவன் சொல்லச் சொல்லப்
பின்பக்கத்தில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை
பத்மசீலன் சேர் பைகளைக் கொட்டினார்.
யதுர்சனின் பையிலிருந்து
லஞ்ச் சீற்றில் மடித்த
வெள்ளைத் தூள்.

முகத்துக்குப் பூசும் முத்துவெள்ளை.
கண்ணாடி முன் பூசிப் பார் என்று
நான்தான் மடித்துக் கொடுத்தேன்.
அதைச் சொல்லத்தான் மைதானம் தாண்டி ஓடினேன்.
ஓடும்போது வேப்பமரத்தடியில்
ஒரு நொடி,
ஒரேயொரு நொடி,
எனக்கும் சந்தேகம் வந்தது.
இதுவரை யாருக்கும் சொல்லாதது.

சேர் புறங்கையில் தேய்த்துப் பார்த்தார்.
பள்ளி விடும்வரை
அவர் கை வெள்ளையாகவே இருந்தது.

இரண்டு நாள் அவன் ஒத்திகைக்கு வரவில்லை.
மூன்றாம் நாள் வந்து
பொட்டலத்தை என் மேசையில் வைத்தான், பிரிக்காமல்.
"பூச்சு வேணாம் ரீச்சர்.
சும்மா முகத்தோட வாறன்."

அக்கரைப்பற்று மண்டபத்தில்
எங்களுக்கு முன் ஐந்து பிசாசுகள்.
ஒன்றின் வால் மேடையிலேயே கழன்றது, நல்ல கைதட்டல்.
பிறகு பள்ளிச் சீருடையில் யதுர்சன்,
குந்தியிருந்து, மெதுவாக:
சாப்பிட்டியா மச்சான்?

யன்னலோரம் நின்ற எங்கள் வான் சாரதி
சட்டென்று வெளியே போனார்.
குழாயடியில்
வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

நடுவர் தாளில் ஒப்பனைக்குப் பூச்சியம்.
செய்தி தெளிவில்லை என்று சிவப்பில் ஒரு வரி.
கபிலாஷ் அதை விசிறியாக மடித்தான்.

தம்பிலுவிலுக்குத் திரும்பும் வழியில் இருட்டிவிட்டது.
மாசி அறுவடை.
வயலுக்குள் மெசின் வெளிச்சங்கள்
தூங்காமல் ஊர்ந்துகொண்டிருந்தன.
யதுர்சன் தலையை வெளியே நீட்டி எண்ணினான்.
"அந்த மூண்டாவது, அண்ணன் ஓட்டினது.
இப்ப வேற ஆள்."

அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை.
காலையிலிருந்து அவன் வெறும் வயிறு
என்று எனக்குத் தெரியும்.
கேட்க வாயெடுத்தேன்,
சாப்பி...
நாக்கு அங்கேயே நின்றது.
அந்தச் சொல்லை அது எடுத்துக்கொண்டு போயிருந்தது.

பையில் ஒரு பணிஸ் இருந்தது.
பாதியாகப் பிய்த்து
ஒன்றும் கேட்காமல்
நீட்டினேன்.