அறுநூற்று எழுபத்தேழு

சிப்காட் சாலையில், குடிகாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
என் எடைமேடை.
அறுபது டன் வரை தாங்கும்.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ண வரும்.

மொரிமுராவின் கார், அவரையும் சேர்த்து,
அறுநூற்று எழுபத்தேழு கிலோ.
அதற்குக் குறையக்கூடாது, விதி.
என் மேடையில் ஏற்றினால் அறுநூற்று எண்பது காட்டும்.
அந்த மூன்று கிலோவை யார் கணக்கில் எழுதுவது என்று
ஒரு வருஷமாக யோசிக்கிறேன்.

ஞாயிறு பதினொரு மணி. அவர்களுக்கு இரண்டரை.
செல்போனைப் பிரிண்டர்மேல் சாய்த்து வைப்பேன்.
ஜப்பானிய வர்ணனை புரியாது.
குரல் ஏறினால் யாரோ முந்துகிறார்கள்,
இறங்கினால் யாரோ மணலில் நிற்கிறார்கள்.
"சுஸுகி பைக் ரேஸாம்மா?" என்பார் அமிர்தகடேசன்,
ஆலப்பாக்கத்துச் சவுக்கு ஏற்றி வருபவர்.
சுஸுகா அண்ணே, ஊர் பேரு. பைக் இல்ல, கார்.
சக்கரம் நாலும் வெளியே தெரியும்.
"மட்கார்டு வாங்கக் காசில்லையா?"

ஏப்ரலில் அந்தச் சுஸுகாவில்தான் தொடங்கினார்கள்.
இங்கே தடைக்காலம்.
துறைமுகத்தில் விசைப்படகுகள் உரசிக்கொண்டு கிடந்தன,
ஐஸ் லாரி வரவில்லை,
எல்லாச் சுற்றையும் தடங்கலில்லாமல் பார்த்தேன்.
நாலாவதாக வந்தார்.
மே மாதம் ஆட்டோபொலிஸ். மலையெங்கும் பனிமூட்டம்.
பாதுகாப்புக் காருக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டுப்
பாதிப் புள்ளியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
அன்று பண்ருட்டிப் பலா பதினேழு லோடு,
கீபோர்டில்கூடப் பிசின்.
சூகோவில் ஜெயித்தார். நான் பார்க்கவில்லை.
அமில டேங்கர் ஒன்றின் காலி எடை ஒத்துவராமல்
மூன்று முறை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.
ஃபூஜியில் மூன்றாவது. மலை தெரியவே இல்லை.
மொடேகியில் பிரேக் தீப்பிடித்தது,
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் வேகத்துக்காகப் பார்க்கவில்லை.
கொடி அசைந்தபின் நடப்பதற்காக.
ஜெயித்தவரும் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது.
பாதையின் ஓரமாக, மெதுவாக ஓட்டுவார்கள்,
உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துணுக்குகள் மேல்.
சூட்டு டயரில் அவை ஒட்டிக்கொள்ளும்,
சக்கரத்துக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ.
பிறகு எடைமேடை.
அவ்வளவு வேகத்தில் வந்தவர்கள்
அங்கே அமிர்தகடேசன்போல நிற்பார்கள்,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எண்ணைப் பார்த்தபடி.
என் வேலையை அங்கே செய்பவர்
வெள்ளைக் கையுறை போட்டிருக்கிறார்.
முகத்தைக் கேமரா ஒருநாளும் காட்டியதில்லை.

நவம்பர். கடைசிப் பந்தயம், மறுபடியும் சுஸுகா.
இரண்டாவது வந்தாலே பட்டம்.
இங்கே உப்பனாறு சாலையைத் தொட்டுவிட்டது.
கரண்ட் இல்லை, ஜெனரேட்டர்.
அங்கேயும் மழை.

இரண்டாவதாக வந்தார்.
வர்ணனைக் குரல் ஏறி, கீச்சிட்டு, உடைந்தது.
மேஜையைத் தட்டினேன்,
பிரிண்டர் ஒரு வெற்றுச் சீட்டைத் துப்பியது.

அப்புறம் அவர் ஓரமாக ஓட்டினார்.
ஓரத்தில் ஒன்றுமில்லை.
ரப்பரையெல்லாம் மழை கழுவிக்கொண்டு போயிருந்தது.

அறுநூற்று எழுபத்தாறு.

இந்த முறை குரல் இறங்கவில்லை, நின்றே போனது.

அந்த நேரம் பார்த்து ஹாரன்.
சவுக்குக் கட்டைகள் தண்ணீர் குடித்துக் கறுத்திருந்தன.
பதினாறு டன் லோடு
பதினாறு எண்ணூறு காட்டியது.
"இன்னிக்கு மழைக்கும் சேத்துக் காசு" என்று
குடைக்குள்ளிருந்து சிரித்தார் அமிர்தகடேசன்.
நனைந்த லோடு என்றால் சீட்டில் 'ஈரம்' என்று எழுத வேண்டும்.
எழுதினேன். கடைசி எழுத்தில் பேனா நின்றுவிட்டது.
"ஏம்மா, உன் ஆளு தோத்துட்டானா?"
"ஜெயிச்சுட்டார் அண்ணே. எடை பத்தல."
"எவ்ளோ?"
"ஒரு கிலோ."
மழையில் நின்றபடி ரொம்ப நேரம் யோசித்தார்.
"எங்கிட்ட எண்ணூறு இருக்கே" என்றார்.

லாரி இறங்கியும் மேடை நாற்பதில் நின்றது.
சேறு.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன்.