நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கோட்டையூர்ப் பள்ளியில் மின்விசிறி மூன்று.
ஓடியது ஒன்று.
அதன் கீழ் எனக்கு நாற்காலி.
பதினோராம் வகுப்பு, நாற்பத்தொரு பேர்,
என் நாவலின் ஆறு பிரதிகள்.
அட்டை கிழியக் கிழியக் கைமாற்றிப் படித்திருந்தார்கள்.
ஒன்றில் மஞ்சளாய்க் குழம்பு ரேகை.

கதை உங்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன்:
பதினைந்து வயதானால் காதுக்குப் பின்னே
ஒரு விதை பதிப்பார்கள்.
அரசு பேசுவது தலைக்குள்ளேயே கேட்கும்.
தழலி என்றொரு பெண் அதைப் பிடுங்கி எறிவாள்.
முந்நூற்றுப் பத்துப் பக்கம்.

முதலில் எழுந்தவன் சோலையப்பன்.
"மேடம், பேட்டரி?"
எனக்குப் புரியவில்லை.
"விதைக்கு யாரு சார்ஜ் போடுவாங்க?
எத்தன வருஷம் தாங்கும்?
எங்கப்பா சிக்ரியில வேலை. படிச்சுட்டுச் சிரிச்சாரு."
வகுப்பும் சிரித்தது.
ஓர் ஆட்சியைக் கவிழ்க்க எட்டு அத்தியாயம் எழுதியவள்
ஒரு மின்கலத்தை மறந்திருந்தேன்.

ஹாஜிராவுக்கு முடிவு பிடிக்கவில்லை.
"தப்பிச்சுக் காட்டுக்குள்ள போறா, சரி.
அங்க யாரு ஆக்கிப் போடுறது?"
பிரவீன் வில்லன் கட்சி:
"நீட்டுக்கு ஒரு விதை இருந்தாச் சொல்லுங்க,
இப்பவே தலையக் குடுக்குறேன்."
குனிந்தும் காட்டினான்.

மெய்யம்மை உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"போன்ல லொக்கேஷன் எப்பவும் ஆன்ல இருக்கணும்னு
அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கான்.
விதை எதுக்கு மேடம்?"
இதற்கு யாரும் சிரிக்கவில்லை.
எஃகுத் தட்டில் சீயம் வந்தது.

ஜன்னலோரம் ஒருத்தி கையைத் தூக்கவில்லை,
புத்தகத்தைத் தூக்கினாள். உமையாள்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
ஸ்கேல் வைத்துப் போட்ட பென்சில் கோடு.
படி இறங்குகிறவள்போல்
ஒவ்வொரு சொல்லாய் வாசித்தாள்:
"காதோரம் உலோகம் ஏறியவள்
பாதி மனுஷிதான்."

வாசித்துவிட்டுப் பின்னலை ஒதுக்கினாள்.
தலையோடு ஒட்டிய சின்ன வட்டு, ஒரு வயர்,
காதின் மேல் பழுப்பாய் ஒரு கொக்கி.
மூன்று வயதில் மதுரையில் வைத்ததாம்.
அதற்கு முன்னால் மழை
வெறும் படம்தானாம்.

"அது தழலி சொல்றது, நான்..." என்று தொடங்கினேன்.
பாத்திரத்தின் முதுகில் ஒளிவது
எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது.

அவள் கோபப்படவில்லை.
சோலையப்பன் பக்கம் திரும்பினாள்:
"ரெண்டு பேட்டரி. ராத்திரி சார்ஜ்.
நான்தான் போடுவேன்."

பிறகு வட்டைக் கழற்றி
காம்பஸ் பெட்டியின் மூடியருகே கொண்டுபோனாள்.
காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது.
அந்த டக் எங்கள் எல்லாருக்கும் கேட்டது,
அவளைத் தவிர.

"இப்பப் பேசுங்க மேடம்,"
குரல் சற்று உரக்க வந்தது.
"நீங்க என்ன சொன்னாலும் உள்ள வராது.
தழலிக்கு இது இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.
அதத்தான் நீங்க எழுதியிருக்கணும்."

நாற்பது பேர் என்னைப் பார்க்க
அவளிடம் ஏதோ சொன்னேன்.
என்னவென்று வகுப்பைத்தான் கேட்க வேண்டும்.
விடைத்தாள் திருத்துகிறவள்போல்
அவள் என் உதட்டையே பார்த்திருந்தாள்.
மணி அடித்தது.
ஒருவன் அவள் தோளைத் தொட்டு, மணியைக் காட்டினான்.

ஸ்டேஷனில் திருச்சி வண்டி தாமதம்.
ஒலிபெருக்கி மூன்று மொழியில் வருந்தியது;
கழற்றிவைக்க என்னிடம் எதுவும் இல்லை.
என் பிரதியை விரித்து
ஒரே ஒரு சொல்லை அடித்தேன்: பாதி.

காதோரம் உலோகம் ஏறியவள் மனுஷிதான்.

வாக்கியம் நிற்கிறது.
நூற்றுப் பதிமூன்று நிற்கவில்லை.
தழலி இனி எதற்காக ஓடுகிறாள்,
எதைப் பிடுங்குகிறாள், யாரிடமிருந்து,
எல்லாவற்றையும் திரும்ப யோசிக்க வேண்டும்.
மீதி நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பக்கம்.
பேட்டரி வேறு.