மூன்றாவது குடம்

சத்துவாச்சாரி, ஹவுசிங் போர்டு, ஃபேஸ் இரண்டு.
நாற்பத்தைந்தில் எனக்கு வேண்டியிருந்தது
எபனேசர் வீட்டு ஏணி.
அறுபதில், சி.எம்.சி. வரைக்கும்
அவர் பையனின் ஸ்கூட்டர்.
இடையில் ஒன்பது வருஷம் பேச்சே இல்லை.
என் தொட்டி வழிந்தால் மட்டும்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்:
“பாலாறே காஞ்சி கெடக்குது,
இன்னா ஊத்து ஊத்தறே!”

ஏணியில் இனி யார் ஏறுவது?
பையன் ஸ்கூட்டரோடு ஓசூரில்.

காலை ஆறேகால்.
இருமல் கேட்கவில்லை. ரேடியோவும்.
தொட்டி நிறைந்தது எனக்குக் கேட்கிறது.
சுவிட்சில் விரல் வைத்தபடி நிற்கிறேன்.
சித்திரை மாதம்,
ஒரு குடம், இரண்டு குடம்.
பாவம்தான்.
வழியட்டும்.

“காது அவுட்டா, ரேணுகாம்பா?”

அணைத்துவிட்டு
நனைந்த செருப்பைத் தள்ளி வைக்கிறேன்.